சாக்லேட் பாலுக்குத் தீர்ப்பு

தொண்டைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடித்து வந்த என் கணவருக்குச் சாக்லேட் பால் மட்டும்தான் இறங்கியது. சிங்காநல்லூர்க் கடைகளில் கிடைத்த ஐந்து வகையையும் வாங்கிவந்து, "எது தேவலைங்க?" என்று பிடுங்கி எடுப்பேன். ஒன்று தண்ணியாக இருக்கிறது, ஒன்று திகட்டுகிறது என்று அவரும் அலுக்காமல் தீர்ப்புச் சொல்வார்.

கடுப்பாகி ஒருநாள் நானே கோகோ கலக்கிக் கொடுத்தேன். முழுசாகக் குடித்துவிட்டு, "இதுக்குக் கிட்ட எதுவும் வராது அம்மணி," என்றார்.

டம்ளர் அடியில் மிச்சமிருந்ததை நக்கிப் பார்த்தேன். ஒரே கசப்பு. சர்க்கரையே போடவில்லை. பாவி மனுசன், கதிர்வீச்சில் நாக்கு மரத்துப்போய், இத்தனை நாளும் ஒரு ருசியும் தெரியாமலேதான் எனக்காகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

"இன்னொரு டம்ளர் போடட்டுங்களா?" என்றேன். தலையாட்டினார். இந்தத் தடவை மறக்காமல் சர்க்கரை போட்டேன்.