ஏழாம் நம்பர் சொக்கெட்

பேய் பிசாசெண்டு யாராவது கதைக்கத் தொடங்கினா எழும்பிப் போற ஆள் நான். கொழும்பு கொட்டாஞ்சேனையில பிறந்து வளர்ந்தனான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவன், அதோட சரி. நீங்களும் நம்ப வேணாம், கேட்டுட்டு ஒரு காரணம் சொல்லுங்க, நான் நிம்மதியா நித்திரை கொள்ளுவன்.

என்ட வேலை தெரியும்தானே, கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு டேட்டா சென்டரில ஓடுற சேர்வர்களுக்குப் போற கரண்டை வெள்ளவத்தை வீட்டில இருந்தே லப்டொப்பில பார்க்கிறது, போடுறது, நிப்பாட்டுறது. ஒவ்வொரு சேர்வருக்கும் நம்பர் போட்ட ஒரு சொக்கெட். அண்டைக்கு மற்ற ஷிஃப்ட் பார்க்கிறவ வராததால ரெண்டு ஷிஃப்டையும் நானே சேர்த்துச் செய்து, பகல் ரெண்டு மணிக்குக் கண் ரெண்டும் எரிஞ்சுகொண்டு இருந்தது.

அப்பதான் அந்த டேட்டா சென்டரில வேலை செய்யிற நிஸாம் கோல் எடுத்தார். மாளிகாவத்தை ஆள், ரெண்டு பிள்ளைகளின்ட வாப்பா. "அக்கா, ஏழாம் நம்பர் சொக்கெட் உருகிப் போய் ஈக்கிது. ஓஃப் பண்ணுங்க, கழட்டி மாத்தப் போறன்." எல்லாத்தையும் நிப்பாட்ட மேல உள்ள ஆக்கள் விடமாட்டினம், அதால ஏழாம் நம்பரை மட்டும் நிப்பாட்டினன். ஒராள் உள்ள கை வைச்சா அவர்ட பேரைத் துண்டில எழுதி ஸ்கிரீனில ஒட்டுறது எங்கட வழக்கம். "கை எடுத்துட்டன்" எண்டு அவர் சொன்னாத்தான் துண்டைக் கழட்டிக் கரண்டைப் போடுவம். நானும் எழுதி ஒட்டினன்.

ஃபேன் காத்துக்கு அந்தத் துண்டு எப்ப விழுந்துதோ தெரியாது. அரை மணித்தியாலத்தால ஒரு கஸ்டமர் எடுத்து, சேர்வர் செத்துக் கிடக்கெண்டு கத்தினார். பார்த்தா ஏழு ஓஃபில கிடக்கு. களைப்பில நிஸாமின்ட ஞாபகமே வரேல்ல, சொல்ல இப்பவும் வெக்கமா இருக்கு. ஓன் குடுத்தன். குடுத்துப் பத்து செக்கனுக்குப் பிறகுதான் கரண்ட் வரும். வரேல்ல. திரும்பக் குடுத்தன், இல்ல. மூண்டாம் தரமும் இல்ல. எரிச்சல் வந்து நிஸாமுக்கே எடுத்தன்.

"அக்கா, ஸ்பீக்கரில போட்டுத்தான் கதைக்கிறன். ரெண்டு கையும் வயருக்க ஈக்கிது, இன்னம் கொஞ்ச நேரம்."

அப்பதான் துண்டைத் தேடினன். குனிஞ்சு பார்த்தா கதிரைக்குக் கீழ அவர்ட பேர் கிடக்குது. அவருக்கு ஒண்டும் சொல்லேல்ல, இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்ல.

பிறகு, யார் எப்ப ஓன், ஓஃப் குடுத்தது எண்டு பதியிற லொக்கை எடுத்துப் பார்த்தன். மூண்டு ஓன். ஒவ்வொண்டுக்கும் பின்னால, பத்து செக்கன் முடிய முதல், ஒரு ஓஃப். எல்லாம் என்ட பேரில, என்ட லப்டொப்பில இருந்து. களைப்பில நீங்களே அமத்தியிருப்பீங்க எண்டார் மனேஜர். சரி, இருக்கலாம், நானும் அப்பிடித்தான் மனசைத் தேத்தினன்.

நாலு மணிக்கு நிஸாம் "கை எடுத்துட்டன்" எண்டு சொன்ன பிறகு ஏழாம் நம்பரைப் போட்டன், வேலை செய்தது. லப்டொப்பை மூடிட்டுப் பாண் வாங்கக் கடையில நிக்கேக்க, பின்னேரம் ஆறு பத்துக்கு, ஏழாம் நம்பர் திரும்பவும் ஓஃப். லொக்கில பார்த்தா என்ட பேரில, வீட்டில மூடிக் கிடந்த என்ட லப்டொப்பில இருந்து. நிஸாம் அப்ப வீட்டில. கதவு ரெக்கோர்டையும் பார்த்தாச்சு, சேர்வர் அறைக்குள்ள ஒருத்தரும் இல்ல.

அந்தக் கஸ்டமரை எட்டாம் நம்பருக்கு மாத்தியாச்சு. ஏழு இன்னும் ஓஃபிலதான் கிடக்கு. ஏன் போடேல்ல எண்டு மனேஜர் கேட்கிறார். எப்பிடிப் போடுறது? அந்த மூண்டு தரமும் உள்ளுக்க ஒரு கை இருந்தது. இந்தத் தரம் கை எடுத்துட்டன் எண்டு எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லயே.