ஒய்.பி. படம் இல்லாத மனு

மலேசியாவின் மேருவில் சட்டமன்ற உறுப்பினர் மாதவியின் சேவை மையத்துக்குப் போனவர்கள் ரமணியைத் தாண்டித்தான் உள்ளே போயிருப்பார்கள். மலேசியாவில் சட்டமன்ற உறுப்பினரை மரியாதையாக அழைக்கும்படி ஊருக்கு மாதவி ‘ஒய்.பி.’ என்றால், ரமணி வாசலோரம் மேசை போட்டுக் காரியம் பார்க்கும் அக்கா. அடைத்துக்கொண்ட சாக்கடையிலிருந்து அண்ணன் தம்பி சண்டை வரைக்கும் எல்லாம் முதலில் அவரிடம்தான் வரும். பேச்சு கறார். மனசு அப்படியில்லை, அதை அவர் வெளியே காட்டிக்கொள்வதில்லை.

ஒரு காலத்தில் அங்கே வந்தவர்கள் அதிகம் கேட்டது ஆதரவுக் கடிதம். கடை லைசென்ஸா, குத்தகையா, ஒய்.பி. கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தால் காரியம் நடக்கும் என்பது ஊர் வழக்கம். மாதவி வந்ததும் அதை நிறுத்தினார். எந்த உறுப்பினரும் அப்படிக் கொடுக்கக் கூடாது என்று விதி கொண்டுவரும்படி சட்டமன்றத்திலும் எழுந்து கேட்டார். சொந்தக் கட்சிக்காரர்களே முகத்தைச் சுளித்தார்கள். முட்டி மோதிக் கடைசியில் ஒன்று கிடைத்தது. புதிய பாசாரில், அதாவது சந்தையில், கடைகளைப் பொதுமக்கள் முன்னால் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள். அது ஒழுங்காக நடந்தால்தான் கடிதத்தைத் தடுக்கும் விதியைப் பற்றிப் பேச்சு.

ரமணியின் கணவர் கமலநாதன் மோட்டார் சைக்கிளில் வடை விற்பவர். மழை பிடித்தால் வியாபாரம் அம்போ. அவருக்கென்று ஒரு கடை அமைய வேண்டும் என்ற ஆசை ரமணிக்கு மட்டும் இல்லாமலா இருக்கும்? கடிதம்தானே கூடாது என்று மனிதர் சாமர்த்தியமாக யோசித்தார். கோயில் திருவிழாவில் ஒய்.பி.க்குப் பொன்னாடை போர்த்தியபோது எடுத்த படத்தைப் பெரிதாக்கி, மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார்.

ரமணி எகிறினார். “அறிவிருக்கா உங்களுக்கு? அந்தப் படத்த எவனாச்சும் பாத்தா, ஒய்.பி. தன் ஆளுக்கே கடை குடுத்துட்டாங்கன்னு ஊரு பூரா நாறிடும்!”

“போட்டோதான லா. லெட்டரா குடுத்தேன்?”

மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு போய் நகராண்மைக் கழகத்தில் மனு வாங்கும் முகப்பில் நின்று, படத்தைத் திரும்ப வாங்கிப் பையில் திணித்தார். மாதவியிடமும் ஒளிக்காமல் சொன்னார். மாதவி சிரித்துவிட்டார்.

“குலுக்கல்ல அண்ணன் பேரு வரலன்னா?”

“மோட்டார் இருக்கு ஒய்.பி. ஓட்டிக்குவாரு.”

குலுக்கலன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. சீட்டு எடுக்க எடுக்கக் கமலநாதன் நாற்காலி நுனிக்கு வந்துகொண்டிருந்தார். கடைசிச் சீட்டும் எடுத்தாயிற்று. அவர் பெயர் வரவில்லை. ரமணிக்கு அழுகை வந்துவிட்டது. வாய் கறாராகப் பேசினாலும் அந்தக் கடையை அவர் மனசுக்குள் எப்போதோ திறந்துவிட்டிருந்தார்.

பின்வரிசையில், மனு போட்டுக் கிடைக்காத பவுனம்மாள் பக்கத்து ஆளிடம் உரக்கச் சொன்னது காதில் விழுந்தது. “ஒய்.பி. ஆபிஸ் ரமணி புருஷனுக்கே கெடைக்கல லா! அப்ப நெசமாத்தான் குலுக்கியிருக்காங்க. அடுத்த தடவையும் போடுவோம்.”

ரமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். “கேட்டீங்களா?”

“கேட்டுச்சு, கேட்டுச்சு.” கமலநாதன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். “நானும்தான் போடுவேன். படம் இல்லாம.”