ஜிகினா படிக்காத வரிகள்

அலுவலகத்தில் அவனுக்கு ஜிகினா என்று பெயர். இணையப் பக்கம் கட்டுவது தொழில். படம் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், பட்டனைத் தொட்டால் பளிச்சிட வேண்டும். அதோடு அவன் கடமை முடிந்தது. கோப்பின் உச்சியில், திரையில் தெரியாமல் கிடக்கும் ஹெட் பகுதியை ஒரு நாளும் வாசித்ததில்லை. பழைய வேலையிலிருந்து அப்படியே அள்ளிக் கொட்டிவிடுவான்.

“கண்ணுக்குத் தெரியாத எடத்துக்கு எவனாவது பெயின்ட் அடிப்பானா?” என்பான். பட்டம் வாங்கியவன் பேசுகிற பேச்சு!

மனைவியின் அக்கா பியூட்டி பார்லர் திறக்கப்போவது தெரிந்ததும், அதற்கு இணையப் பக்கம் கட்டும் வேலையை வலியப் போய் வாங்கினான். மாமனார் வீட்டில் அவன் பேச்சு எடுபட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

“இதுலயாவது என் மானத்தக் காப்பாத்துங்க,” என்றாள் மனைவி.

பக்கம் மினுமினுத்தது. அக்கா தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் லிங்கை அனுப்பினாள். அதன் கீழே தானாக முளைத்திருந்த வரியைப் பிறகுதான் கவனித்தாள். உடனே போன் வந்தது.

“தம்பி, எங்கிட்ட வர்ற பொம்பளைங்களுக்கு உண்ணி எடுக்கணுமா?”

“என்னக்கா சொல்றீங்க?”

“‘உங்கள் செல்ல நாய்க்குக் குளியல், உண்ணி நீக்கம்’னு வருதே!”

போன மாதம் நாய் பராமரிப்புக் கடைக்குக் கட்டிய பக்கத்தின் ஹெட் அது. ஜிகினா முதல்முறையாக எழுத்துக்கூட்டி வாசித்தான். பிரவுசர் தாவலில் தெரியும் தலைப்பு, தேடும்போதும் லிங்க் அனுப்பும்போதும் வரும் விவரம், கூடவே போகும் படம் எல்லாமே நாய்க்கடை. யாரும் பார்க்காத இடம் என்று அவன் நினைத்ததைத்தான் ஊரே முதலில் பார்த்திருந்தது. இத்தனை நாள் என்னத்தைத் தெரிந்து வேலை பார்த்தோம் என்று ஒரு நொடி உறுத்தியது. ஒரே நொடிதான்.

“சர்வர் பிரச்சனக்கா, சரி பண்ணிட்டேன்,” என்றான். பொய் மட்டும் எப்போதும் சொந்தச் சரக்கு.

புதிதாக அனுப்பியவை சரியாக வந்தன. ஏற்கெனவே போனவை போனவைதான். ஊரார் போனுக்குள் கைவிட்டு அழிக்க முடியுமா?

திறப்பு நாளன்று மாமனார் வீடே வாசலில் நின்றது. ஜிகினா புதுச்சட்டையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். முதல் ஆளாக ஒரு பெரியவர் வந்தார், சேற்றில் புரண்ட நாயோடு.

“குளிப்பாட்டுறது இங்கதானே? மருமக லிங்க் அனுப்பினா.”

மனைவி தரையைப் பார்த்தாள். அக்கா உள்ளே போய் ஒரு ஷாம்பு பாட்டிலைக் கொண்டுவந்து ஜிகினாவின் கையில் வைத்தாள்.

“சர்வர் பிரச்சனதானே தம்பி? கொல்லைப்பக்கம் குழாய் இருக்கு, போங்க.”