திரைக்குப் பின்னால் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு, சாமி இறங்குவது, இதிலெல்லாம் எனக்கு ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. கூத்தில் ராஜா வேஷம் கட்டியவனுக்கு எப்படி இருக்கும்? முகத்தில் அரிதாரம் பூசும்போதே தெரியும், இது வெறும் பூச்சு, விடிந்தால் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிடப் போகிறோம் என்று. என் எதிரில் எத்தனையோ பேர் ஆவேசம் வந்து மண்ணில் புரண்டிருக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று பீடி பிடித்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

என் சொந்த ஊர் கெடார். எங்கள் கூத்து செட்டில் சாரீரம் எனக்குத்தான் பெரியது என்பார்கள். மைக் இல்லாத ஊரிலும் கடைசி வரிசைக்காரனுக்கு என் வசனம் கேட்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், விழுப்புரம் பக்கம் கூத்துப் பார்க்க வந்த மெட்ராஸ்காரர் ஒருவர் என்னை டப்பிங்குக்குக் கூப்பிட்டார். தெலுங்குப் படத்தில் வில்லன் தமிழில் பேச வேண்டுமே, அதற்குக் குரல். போன பிறகுதான் தெரிந்தது, வில்லன் வசனத்தைப் பேச வேறு பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், என்னைக் கூப்பிட்டது அடிவாங்குகிற சத்தத்துக்கு. சண்டைக் காட்சியில் குத்து வாங்கி விழுபவன், கத்திக்குத்துப் பட்டுச் சாகிறவன், மாடியிலிருந்து விழுகிறவன், எல்லாம் நான். ஏர் கண்டிஷன் போட்ட இருட்டு அறையில், அதே துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், திரும்பத் திரும்பச் சாக வேண்டும். கழுத்தை நெரிக்கிற காட்சிக்கு என் கழுத்தை நானே பிடித்துக்கொள்வேன். சிங்கம், புலி, கரடிக்கும் என்னையே உறும விட்டார்கள். இதைத் தவிர ரேடியோ நாடகம் வேறு. ஊரில் கூத்து, மெட்ராஸில் டப்பிங் என்று பஸ்ஸிலேயே பாதி வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கத்தலில் எது நிஜம் எது பொய் என்று என்னை யாரும் ஏமாற்ற முடியாது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு வருஷம், திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற வழியில், உள்ளே தள்ளி ஒரு ஊர், திருவிழாவுக்கு எங்கள் செட்டை அழைத்திருந்தார்கள். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அசுர ராஜா தூணை உதைப்பான், தூண் பிளந்து சிங்கமுகத்தோடு சாமி வரும், அவனை மடியில் போட்டு வயிற்றைக் கிழிக்கும். அந்தச் சாமியின் பேரை நான் இப்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை, சிங்கமுகம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். வேறு ஊர்களில் அந்தக் கட்டம் விடியற்காலையில் வரும். இந்த ஊரில் மட்டும் அந்தி நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும் என்பது வழக்கம்.

ராஜா வேஷத்தை அப்போது நான் ஏழுமலைக்கு விட்டுக்கொடுத்திருந்தேன். என் வயதுக்காரன், கூடவே கூத்துக்கு வந்தவன், மச்சான் மச்சான் என்றுதான் பேசிக்கொள்வோம். சிங்கமுகம் கட்டியது குப்புசாமி. ஏழுமலையின் அக்காவைக் கட்டியவர். வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம், அதைப் பயிர் வைத்துக்கொண்டிருந்த சாதுவான மனிதர், யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. இருவருக்கும் நடுவில் பகை என்று எதுவும் கிடையாது. பின்னால் போலீஸ்காரர்களும் இதைத்தான் குடைந்து குடைந்து கேட்டார்கள்.

சிங்கமுகம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கியது, அந்த ஊர்க் கோயிலிலேயே வைத்துப் பூஜை செய்வார்கள். பல்லெல்லாம் வெளியே தெரியும், ஆனால் வாய்க்குத் துளை கிடையாது, போட்டுக்கொண்டவருக்குப் பேச வராது. அதனால் கர்ஜனையை நான் வெள்ளைத் திரைக்குப் பின்னால் நின்று மைக்கில் கொடுக்க வேண்டும். கையில் நகம் நெட்டித் தக்கையில் செய்து மஞ்சள் பூசியது, அழுத்திப் பிடித்தால் ஒடிந்துவிடும். வேஷக்காரர் இடுப்பில் வடக்கயிறு கட்டி, ஊர் இளவட்டங்கள் பின்னால் பிடித்துக்கொள்வார்கள், ஆவேசம் மிஞ்சினால் இழுக்க. அதெல்லாம் ஜனங்களைப் பயமுறுத்தச் செய்கிற வேலை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கோயிலில் உட்கார்ந்திருந்த குப்புசாமியிடம், "இன்னாண்ணே, ரெடியா?" என்றேன். விரதம் இருந்து வாடிப்போயிருந்தார்.

"ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குதுப்பா. நீ ரொம்ப உறுமாத, ஜல்தியா முடிச்சிடு," என்றார்.

"சரிண்ணே" என்று சிரித்துக்கொண்டே போனேன்.

ஏழுமலை நன்றாக ஆடினான். சூரியன் பனைமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, ஆனால் ஆள் முகம் தெரிகிற வெளிச்சம் இருந்தது. காகிதத் தூணை எட்டி உதைத்தான், நான் உறுமினேன், குழாய் ஸ்பீக்கர் அதிர்ந்தது, குப்புசாமி தூணைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். மறுபடியும் உறுமினேன். அப்போது கரண்ட் போனது. மைக் செத்துவிட்டது. சரி, தொண்டையிலேயே கொடுப்போம் என்று மூச்சை இழுக்க வாயை மூடினேன்.

உறுமல் நிற்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், உறுமல் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ஸ்பீக்கர் சத்தம் இல்லை, மனிதத் தொண்டைச் சத்தமும் இல்லை, என் காலடியில் பலகை நடுங்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்மோனியக்காரர் கோவிந்தன், பலே என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். அப்படியே கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

திரையை விலக்கிப் பார்த்தேன். கயிறு பிடித்த இளவட்டங்கள் முகம் குப்புற மண்ணில் கிடந்தார்கள், அறுந்த கயிறு குப்புசாமியின் பின்னால் வால் போலப் புரண்டது. ஏழுமலை கனத்த உடம்புக்காரன், கிரீடம் புஜகீர்த்தி எல்லாம் சேர்ந்து இன்னும் கனம், அவனைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி மடியில் மல்லாத்திப் போட்டது. நான் 'போட்டது' என்றுதான் சொல்வேன், போட்டார் என்று சொல்ல எனக்கு வரவில்லை. வயிற்றில் சிவப்புச் சாயத் துணி கட்டிவைத்திருப்போம், அதை உருவிக் காட்டுவதுதான் வழக்கம். துணியை உருவி எறிந்துவிட்டது. அதன் பிறகும் கை உள்ளே போனது.

ஏழுமலை கத்தினான். நிஜமாகச் சாகப்போகிறவன் கத்தல் அப்படிப் பெரியதாக இருக்காதுங்க. நான் டப்பிங்கில் கத்தியதெல்லாம் பொய் என்று அந்த நொடியில் தெரிந்தது. விக்கல் போல, சின்னதாக, "ஹிக்" என்று ஒரு சத்தம், மூச்சு உள்ளே போகாமல் நிற்கிற சத்தம். ஜனங்கள் விசில் அடித்தார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள். அசுரன் சாகிறான் என்று கைதட்டினார்கள்.

நான் உட்காரப் போட்டிருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி, சிங்கமுகத்தின் மேலேயே ஓங்கி அடித்தேன். முக்காலி உடைந்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒரு கையை மட்டும் வீசியது, நான் போய்த் தூணின் மூங்கிலில் விழுந்தேன், விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"டேய், சாமிய அடிச்சிட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். ஊரே என் மேல் விழுந்தது. கம்பு, செருப்பு, கால், கையில் கிடைத்ததெல்லாம். வாயில் மண்ணும் ரத்தமும், பல் ஒன்று ஆடுகிறது. அவர்கள் கால்களுக்கு நடுவில் எனக்கு ஏழுமலையின் கை தெரிந்தது, மண்ணைப் பிராண்டிக்கொண்டிருந்தது. உறுமல் அப்போதும் கேட்டது. என்மேல் அத்தனை பேர் ஏறி மிதிக்கிறார்கள், என்னால் முனகவே முடியவில்லை, உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கோவிந்தன்தான் ஏழுமலை பக்கம் போய் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து காட்டினார். "சாயம் இல்லடா பாவிங்களா, ரத்தம்டா! மோந்து பாருங்கடா!"

கூட்டம் அப்படியே நின்றது. உறுமலும் நின்றது. சிங்கமுகம் ஏழுமலையை, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போலத் தலைக்குக் கை கொடுத்து மெதுவாகக் கீழே கிடத்தியது. பிறகு குப்புசாமி வெட்டின வாழை மாதிரி சாய்ந்தார்.

டிராக்டரில் போட்டு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் நான் என் வேட்டியைச் சுருட்டி அவன் வயிற்றில் அழுத்திக்கொண்டே போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "எந்த மிருகம் கடிச்சிது?" என்றார்.

"கூத்துங்க சார். வேஷங்க."

"வேஷமா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கோலமும் நன்றாக இல்லை. பிறகு உள்ளே போய்விட்டார்.

ஏழுமலை பிழைத்துவிட்டான். குடல் வரைக்கும் கிழிந்திருந்தது என்றார்கள், பல நாள் கிடந்து எழுந்தான். போலீஸ் வந்து வேஷத்தைப் பார்த்தது. நெட்டி நகம் ஒன்றுகூட ஒடியவில்லை. அதில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. குப்புசாமியின் சொந்த நகமோ, வயல்காட்டு வேலை செய்கிறவர் நகம், சதையோடு தேய்ந்து கிடக்கும். அவர் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா, தூணக் கிழிச்ச வரைக்கும்தான் ஞாபகம்," என்று தலையில் அடித்துக்கொண்டார். ஏழுமலை, "எங்க மாமா மேல கேசு வாணாம்" என்று சொல்லிவிட்டான். அதோடு முடிந்தது.

இங்கேதான் முடிந்தது என்று நானும் நினைத்தேன். அவன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பார்க்கப் போனேன். பழத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"மச்சான், ஏன்டா அப்பிடிக் கேட்ட?"

"நான் இன்னாடா கேட்டேன்?"

"அது என் வயித்தக் கிழிச்சிக்கினு இருக்கசொல்ல, காதாண்ட வந்து கேட்டியே. 'வலிக்குதாடா மச்சான்'னு."

"நான் கீழ கெடந்து ஒத வாங்கிக்கினு இருந்தேன்டா. கோவிந்தன் அண்ணனக் கேளு."

"தெரியும். எல்லாரும் சொன்னாங்க." வயிற்றைத் தடவிக்கொண்டான். "உறுமல் வெளிய கேட்டுது. காதுக்குள்ள உன் கொரலு. கூத்துக் கொரலு இல்ல. எனக்கு ஜுரம் வந்தா வந்து கேப்ப பாரு, அந்தக் கொரலு. ரொம்ப ஆசையாக் கேட்டுது மச்சான். நான் 'வலிக்குது'ன்னேன். சொல்லச் சொல்ல மறுபடியும் மறுபடியும் கேட்டுக்கினே இருந்திச்சி."

அதற்குப் பிறகும் சில வருஷம் டப்பிங் போனேன், வயிற்றுப் பிழைப்பு. மிருகச் சத்தம் மட்டும் தொண்டை சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டேன். குப்புசாமி காலமாகிவிட்டார். கோவிந்தனும் இல்லை. இன்றைக்கு அதைப் பேச நாங்கள் இருவர்தான் மிச்சம்.

நட்பு போகவில்லை. நல்லது கெட்டதுக்குப் போக வர இருக்கிறோம். ஆனால் நான் போன் பண்ணினால் அவன் எடுக்க மாட்டான், அவன் சம்சாரம்தான் எடுத்து விஷயத்தைக் கேட்டுச் சொல்லும். நேரில் பேசும்போது எதிரில் உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டு பேசுவான். போன மாதம் அவன் பேத்தி கல்யாணத்தில், மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் அவன் எனக்கு முன்னால் நின்றிருந்தான். ஏதோ ஞாபகத்தில் பின்னாலிருந்து, "மச்சான்" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவன் திரும்பவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே, மெதுவாக, "நீதானா?" என்றான்.

"நான்தான்டா" என்றேன். அதையும் அதே குரலில்தானே நான் சொல்ல முடியும். அவன் திரும்பவே இல்லை.