பதில் சொல்லாத முள்ளங்கி

யாரோடு உட்கார்ந்து பேசினாலும், எழுந்திருக்கும்போது யுவேலின் அவர்கள் தோளையும் முதுகையும் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிடுவாள். கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன், காய்கறிச் சந்தையில் பார்த்திருக்கிறேன். பாசக்காரப் பெண் என்று சிலர் சொல்வார்கள். தூசி தட்டுகிறாள் என்று சிலர் நினைப்பார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அவள் சீன வைத்தியம் படித்த பள்ளியின் சமையலறையில்தான் நான் காய் நறுக்குகிறேன். மூலிகை காயப்போடும் முற்றத்தைத் தாண்டினால் எங்கள் சாப்பாட்டுக் கூடம். வரிசையில் நிற்கிற பிள்ளைகள் சும்மா நிற்க மாட்டார்கள். முன்னால் நிற்பவனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார்கள். "நாக்க நீட்டு. ராத்திரி சரியா தூங்கலையா?" என்பார்கள். கூச்சத்தோடு நானும் எத்தனையோ பேருக்கு நாக்கை நீட்டியிருக்கிறேன்.

அவள் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு குளிர்காலத்தில் முள்ளங்கி நறுக்கும்போது ஒன்று கவனித்தேன். வெள்ளைச் சதைக்குள்ளே முடி அளவுக்குப் பழுப்புக் கோடுகள். புழு இல்லை. புழு இப்படி நேராகப் போகாது. தலைமைச் சமையல்காரர் பாவ் மாஸ்டரிடம் காட்டினேன்.

"புதுசா ஏதோ பூச்சி. அளவுகோல் வெச்சுத் தின்னுது," என்றார்.

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுக்கப் போன நேரத்தில், பாத்திர அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். யுவேலின் வந்தாள். மூட்டையிலிருந்து ஒரு முள்ளங்கியை எடுத்து, விரலால் அழுத்தி இடம் பார்த்து, சட்டைப் பையிலிருந்த மெல்லிய அக்குபங்சர் ஊசியை அதில் ஏற்றினாள். குனிந்து அதனிடம் மெதுவாகக் கேட்டாள்:

"வந்துச்சா?"

அது அங்கே எல்லோரும் கேட்கிற கேள்வி. ஊசி சரியான ஆழத்தைத் தொட்டால் உள்ளே கனமாகவோ மரத்தாற்போலவோ ஒன்று வரும். வந்ததா என்று நோயாளியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யுவேலின் தன் காலில் எத்தனை ஊசி வேண்டுமானாலும் குத்திக்கொள்வாள். அடுத்தவர் முகம் சுளித்தால் போதும், கை பாதியில் நின்றுவிடும். தேயிலை மலையில் இருக்கும் அவள் ஊர் மருத்துவ நிலையம், ஊசி வைத்தியம் கற்றுக்கொண்டு வரத்தான் அவளை அனுப்பியிருந்தது. வருஷக் கடைசிப் பரீட்சையில் வேறொருவருக்கு ஊசி ஏற்றாவிட்டால் மாத்திரை உருட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று ஊசி வகுப்பு எடுக்கும் யே சார் சொல்லிவிட்டார். மாற்றினால் ஊரில் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் நான் மறுபடி ஒளிந்து நின்றபோது, புகையிலைப் பையை மறந்துவிட்டுப் போன பாவ் மாஸ்டர் திரும்பி வந்தார்.

"அட, நீதானா அந்தப் பூச்சி? முள்ளங்கிக்கு என்ன வியாதி?"

அவள் முகம் சிவந்துபோனது. "ஒண்ணுமில்ல மாஸ்டர். அது கத்தாது. அதான்."

மாஸ்டருக்கு ரொம்ப நாளாகத் தோள் வலி, வலது கையைத் தூக்க வராது. முக்காலியை இழுத்துப்போட்டு, சட்டையைக் கழற்றி, பனியனோடு உட்கார்ந்தார்.

"நான் கத்துவேன். குத்தினாலும் கத்துவேன், குத்தாட்டியும் கத்துவேன். அப்புறம் நீ பயந்து என்ன பிரயோஜனம்?"

"சார் இல்லாம வகுப்புக்கு வெளியில குத்தக் கூடாது மாஸ்டர்."

"சார் தூங்குறாரு. குத்து."

அவள் பஞ்சால் துடைக்கும்போதே அவர் "ஐயோ" என்றார்.

"இன்னும் ஊசிய எடுக்கவே இல்ல."

"தெரியும். முன்னாடியே கத்தி முடிச்சுக்கிறேன்."

யுவேலின் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே ஊசி உள்ளே போயிருந்தது.

"வந்துச்சா?"

"வரல."

லேசாகத் திருகினாள். "இப்ப?"

"வரல. இரு, இரு. வந்துருச்சு. உள்ள யாரோ மாவு பிசையற மாதிரி இருக்கு."

அவள் இன்னும் சில ஊசிகள் ஏற்றினாள். கை பாதியில் நிற்கவில்லை. வகுப்பு மணி அடித்ததும் அவசரமாக எடுத்துக்கொண்டு ஓடினாள். மாஸ்டர் சட்டையைப் போடாமல் துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

சாயங்காலம் எலும்பும் முள்ளங்கியும் போட்ட சூப். மாஸ்டர் இடது கையால் ஊற்றிக்கொண்டிருந்தார். "தோள் இழுக்குது. ஆனா நல்ல இழுப்பு," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். யே சார் கிண்ணத்தோடு வரிசையின் முன்னால் வந்தார். அப்போதுதான் மாஸ்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், அடுத்த பானையை எடுக்கத் திரும்பினார்.

தோளின் பின்பக்கம் ஒரு ஊசி நின்றுகொண்டிருந்தது. அவர் நடக்க நடக்க அதுவும் ஆடியது.

யே சார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மாஸ்டர், அசையாதீங்க."

"ஏன், தேளா?"

"ஊசி."

"அதுவா. மத்தியானம் சட்டை தெச்சேன் சார்."

"இந்த ஊசியில சட்டை தைக்க முடியாது. யார் குத்தினது?"

வரிசையில் நாடி பார்த்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் விலகின. நான் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேசாமல் இருந்தால் பரீட்சையாவது மிஞ்சும். ஒத்துக்கொண்டால் சார் அன்றைக்கே ஊருக்கு அனுப்பினாலும் அனுப்புவார்.

யுவேலின் வரிசையை விட்டு வெளியே வந்தாள். "நான்தான் சார்."

"எத்தன ஊசி ஏத்தின?"

"நாலு."

"எத்தன எடுத்த?"

"எண்ணல சார்."

எல்லோர் முன்னாலும் அதை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். "கண்ண நம்பாத. உள்ளங்கையால தடவிப் பாரு. இன்னொரு தடவ." அவள் அந்தத் தோளையும் முதுகையும் தடவினாள். யே சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்தார்.

"இடம் சரிதான். வந்துச்சான்னு கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"விடாம கேட்டுச்சு சார்," என்றார் மாஸ்டர். "பதில் சொல்லியே எனக்கு வாய் வலிக்குது."

வரிசை சிரித்தது. யே சார் சிரிக்கவில்லை. பரீட்சை வரைக்கும் அவள் யாருக்கும் ஊசி ஏற்றக் கூடாது, மற்றவர்கள் ஏற்றியதை எண்ணி எடுப்பது மட்டும்தான் வேலை என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை நீட்டினார்.

பரீட்சையில் அவளுக்கு வந்த நோயாளி ஒரு தபால்காரர். பயந்த ஆள், முகம் முழுக்கச் சுளித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாராம். ஊசியை ஏற்றிவிட்டுக் கேட்டாள், பதில் வரும்வரை காத்திருந்தாள். எண்ணி எடுத்தாள். முதுகைத் தடவிப் பார்த்தாள். மாத்திரைப் பிரிவுக்குப் போகவில்லை.

இப்போது யுவேலின் தன் ஊர் மருத்துவ நிலையத்தில் ஊசி வைத்தியம் பார்க்கிறாள். பாவ் மாஸ்டருக்கு வலது கை காது வரைக்கும் தூக்க வருகிறது. அதற்கு மேல் வரவில்லை.