என் முதல் கண்ணாடி வளையல்

எங்கள் சபையில் பூ, பொட்டு, வளையல் எதுவும் கூடாது. ஐம்பது வயது வரை எனக்கு வெறுங்கைதான்.

"உன் கைக்குப் பச்சை வளையல் எடுப்பா இருக்கும்டி" என்று என் வீட்டுக்காரர் மட்டும் பாஸ்டருக்குக் கேட்காமல் சொல்வார். அவர் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. நான் சபைக்குப் போவதையும் விட்டுவிட்டேன்.

இன்று இங்கே அல்வால் கடைத்தெருவில் வளையல் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா என் கையில் சோப்பு தடவி ஏற்ற, பயத்தில் ஒவ்வொரு வளையலுக்கும் "ஸ்தோத்திரம்" என்றேன்.

"டென்ஷன் நக்கோம்மா, பயப்படாதீங்க. வலிக்குதா?"

"இல்லக்கா, பழக்கம்."

ஆறாவது வளையலை அந்த அக்காவே "ஸ்தோத்திரம்" சொல்லித்தான் ஏற்றினார்.

வீட்டுக்கு வந்து அவர் படத்துக்கு முன்னால் கையை ஆட்டிக் காட்டினேன்.

இதை எப்படிக் கழற்றுவது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவசரமில்லை.