தறிக்குழியில் கொட்டிய பனி

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் எங்கள் வீட்டின் முன்கூடத்தில் பட்டுத்தறி, பின்கட்டில் குச்சி ஐஸ் வியாபாரம், அதற்கு ஆள் உயர ஃப்ரீசர். வெள்ளிக்கிழமை வெள்ளையாக எதுவும் வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்பது மாமியாரின் சட்டம். உப்பையும் தயிரையும் வெள்ளிக்கிழமை கொடுக்காதது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இங்கே பால் ஐஸுக்கும் அதே சட்டம். அன்றைக்கு ஆரஞ்சும் திராட்சையும்தான் விற்போம். ஊரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்டதில்லை.

அந்த வைகாசி வெள்ளிக்கிழமை மாலை நாத்தனாருக்குத் தட்டு மாற்ற தேவிகாபுரத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன்கள் கூடிவரும் நேரத்தில் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அந்தப் பெண் தாங்கமாட்டாள். வருகிறவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே பால் ஐஸ் தருவதாக என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். காலையில் பார்த்தால் அச்சில் ஊற்றிய பால் பாலாகவே இருந்தது. ஃப்ரீசருக்குள் குழாய்களின்மேல் தலையணை கனத்துக்குப் பனி. பனி ஏற ஏறக் குளிர் கூடும் என்று மாதக்கணக்கில் அதை யாரையும் தொடவிடாமல் வளர்த்தவர் என் வீட்டுக்காரர்தான்.

வேலூர் மெக்கானிக் வந்து, குழாய்க்குக் கம்பளி போர்த்தியதுபோல் பனி மூடியிருக்கிறது, பிறகு குளிர் எப்படி வெளியே வரும் என்றார். மிஷினை நிறுத்திப் பனியைக் கூடை கூடையாகப் பெயர்த்தார். வாசலுக்குத் தூக்கியவரை மாமியார் மறித்தார்.

"வெள்ளிக்கெழமை அத்த எங்க எடுத்துகினு போற? உள்ளயே கொட்டு."

வீட்டுக்குள் பள்ளம் என்று இருந்தது நெசவாளி கால் தொங்கவிடும் தறிக்குழி ஒன்றுதான். எல்லாம் அதற்குள் போயிற்று.

மாலைக்குள் பால் ஐஸ் உறைந்துவிட்டது. நான் மூச்சுவிட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் தறிக்காரர். தறியைக் கண்டால் உட்காராமல் போகமாட்டார் போலிருக்கிறது. நாங்கள் வாய் திறப்பதற்குள் குழியில் காலை விட்டார். முழங்கால்வரை பனிக்கூழ். புதுவேட்டி நனைந்தது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவதும் போயிற்று என்று நினைத்தேன்.

பெரியப்பா எழுந்திருக்கவில்லை.

"இத்தினி வருசமா குழில காலு வுட்டுகினு வெந்துகினு கெடக்கறேன். எவனுக்கும் இது தோணலியே. தட்ட இங்கயே கொண்டாங்க."

அவர் தலைக்குமேலாக எட்டிக் குனிந்துதான் தட்டு மாற்றினார்கள். சமையல்கட்டில் நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

மறுநாளே மாமியாரிடமிருந்து புதுச் சட்டம் வந்தது. சம்பந்தத்தை முடித்துவைத்த பனியை இனி யாரும் சுரண்டக்கூடாதாம். ஆவணியில் கல்யாணம் வந்தபோது பால் மறுபடியும் பாலாகவே நின்றது. பெரியப்பா உள்ளே நுழைந்ததும் நேரே தறிக்குழியை எட்டிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.